கோடைப் பயணமும் குளம்புத் தடமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

பயணக் கட்டுரை என்றால் ஊட்டியும் கொடைக்கானலும் வரவேண்டும், முடிந்தால் கன்னியாகுமரிச் சூரியோதயமும் வரவேண்டும் என்பது ஆண்டு மலர்களின் எழுதாச் சட்டம். நான் எழுதப் போவதோ நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சவ்வாது மலையைப் பற்றி. அதுவும் ரயிலிலோ பேருந்திலோ போன பயணமன்று. ‘குட்டி யானை’ என்று நம் மக்கள் செல்லமாக அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டியின் பின்புறத்தில், சுருட்டிய தார்ப்பாயின்மேல் அமர்ந்து போன பயணம். முன்னிருக்கையில் என் அக்காவும் மாமாவும் இருந்தார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் இயற்கைக் காட்சிகள் எல்லாம் பின்னோக்கி ஓடுபவை என்பதை வாசக நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்!

அக்காவுக்குத் தை மாதம் திருமணம் நடந்தது. மாமா சொந்த வண்டி வைத்துக் காய்கறியும் மல்லாட்டை மூட்டையும் ஏற்றுபவர். நல்ல உழைப்பாளி. திருமணமான நாளிலிருந்து அக்கா போய்வந்த இடங்கள் மாமியார் வீடு, தாய் வீடு, பௌர்ணமிக்குக் கிரிவலம், அவ்வளவுதான். கத்திரி வெயில் தொடங்கியதும் அவள் மெல்ல வாயைத் திறந்தாள். “எங்கயாவது ரெண்டு நாள் கூட்டிக்கிட்டுப் போங்களேன்” என்றாள். மாமா உடனே ஒப்புக்கொண்டார். “ஜமுனாமரத்தூர் போலாம். மலை, குளுகுளுன்னு இருக்கும். மச்சானும் வரட்டும், விலங்கியல் படிக்கிறான் இல்ல?”

புதுமணத் தம்பதியர் போகும் பயணத்தில் மைத்துனனுக்கு என்ன வேலை? அப்போதே நான் ஐயுற்றிருக்க வேண்டும். ஆனால், படிக்காத எங்கள் குடும்பத்தில் என் படிப்பின் பெயரைச் சொல்லி ஒருவர் என்னை அழைத்ததே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

அக்கா மூன்று இடங்களைக் குறித்து வைத்திருந்தாள். கோமுட்டேரியில் படகு ஏறவேண்டும், பீமன் அருவியைப் பார்க்க வேண்டும், காவலூர் வானாய்வு நிலையத்தில் தொலைநோக்கி வழியாக நட்சத்திரம் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் அவள். பாடப் புத்தகத்தில் இருந்த காவலூர் படம் அவள் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. வைணு பாப்பு பெயரைத் தாங்கிய அந்த நிலையத்தில் 1986இல் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது என்று எனக்கே அவள்தான் சொன்னாள். சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்குக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினோம். புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் ஒரு பெரிய தூக்கில் என் மடியில் பயணம் செய்தன.

கலசபாக்கத்தைத் தாண்டும்போது செய்யாறு வெறும் மணலாய்க் கிடந்தது. மேற்கே பருவதமலை செங்குத்தாய் எழுந்து நின்றது. முதலாமாண்டுத் தமிழ் வகுப்பில் எங்கள் பேராசிரியர் மலைபடுகடாம் நடத்தியது நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான அந்த நூலின் தலைவன் நன்னன் நம் செங்கத்தை ஆண்டவன். அதில் வரும் நவிரமலையே இந்தப் பருவதமலை என்பார்கள். சேயாறே இந்தச் செய்யாறு. 583 அடியும் ஒரு வழிகாட்டிதான். பரிசில் பெறப்போகும் கூத்தர்கள் தங்கள் விறலியரோடும் சுற்றத்தோடும் நடந்து போக, முன்னே போய்வந்த ஒருவன் வழி சொல்கிறான். எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும், எந்த இடத்தில் கால் வழுக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருபவன் ஓரிடத்தில் எச்சரிக்கிறான். தினைப்புனத்துக்கு வரும் பன்றிகளுக்காகக் குறவர்கள் கல்லால் ஆன பொறிகளை வழிகளில் வைத்திருப்பார்கள். ஆகவே இருட்டில் போகாதீர்கள், பொழுது விடிந்தபின் நடந்து செல்லுங்கள் என்கிறான். வகுப்பில் இதைக் கேட்டபோது நான் கொட்டாவி விட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

போளூரில் தேநீர் குடித்து, அத்திமூர் வழியாக மலைப்பாதையில் ஏறினோம். இரண்டு வளைவு தாண்டியதும் வண்டி நின்றது. “இன்ஜின் சூடாயிடுச்சு” என்று மாமா இறங்கி ஓடைப்பக்கம் போனார். கால்மணி நேரம் கழித்து வந்தார். மறுபடி மூன்று வளைவு, மறுபடி சூடு. அக்கா கைக்குட்டையால் விசிறிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் முறை மாமா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“மச்சான், இது இன்னா தடம்?”

ஓடையில் காய்ந்தும் காயாமலும் இருந்த சேற்றில் குளம்படிகள் பதிந்திருந்தன. எனக்கு உற்சாகம் பொங்கியது. கூர்மையாய், இதயத்தைப் பிளந்தாற்போல் இருப்பது புள்ளிமான் என்றேன். பக்கத்தில் உருண்டையாய்க் கிடந்த புழுக்கைகளைக் காட்டி முயல் என்றேன். லேப்பஸ் நிக்ரிகாலிஸ் என்று அதன் அறிவியற்பெயரையும் சேர்த்துச் சொன்னேன். மாமா வியந்து தலையாட்டினார். கைப்பேசியை எடுத்து வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார். நான் இன்னும் நான்கு விவரங்களை வாரி வழங்கினேன். அடுத்த ஓடையிலும் இதே கதைதான். செய்முறைத் தேர்வில்கூட நான் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

வண்டி மீண்டும் கிளம்பியபோது குலுக்கலில் தார்ப்பாய் விலகியது. அதனடியில் நெற்றியில் கட்டும் பேட்டரி விளக்கு ஒன்றும், கிளட்ச் கம்பிச் சுருள் ஒன்றும் இருந்தன. வண்டி வைத்திருப்பவரிடம் கிளட்ச் கம்பி இருப்பதில் என்ன வியப்பு? ஆனால் அத்தனை முழம் எந்த வண்டிக்கும் வேண்டியதில்லை. ஒரு முனையில் சுருக்கு வேறு போட்டிருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் நேராகவே கேட்டேன். மாமா மறைக்கவில்லை, மறைக்கத் தெரியாத மனிதர் அவர்.

“ஆடியில நம்ம பசங்க நாலு பேரு வருவாங்க. இப்பவே வந்து பாத்து வச்சாதான் உண்டு. மழை பேஞ்சா எங்க பாத்தாலும் தண்ணி, மிருகம் சிதறிப்போயிடும். இந்த வெயில்ல தண்ணி ஒண்ணு ரெண்டு எடத்துலதான் நிக்கும். எல்லாத் தடமும் அங்கதான் வந்து சேரும்.”

“அதுக்கு அக்காவை எதுக்கு மாமா கூட்டிக்கிட்டு வந்தீங்க?”

“அவளும் ஊரு பாத்த மாதிரி ஆச்சு. அப்புறம்... வண்டியில பொம்பள ஒக்காந்திருந்தா எவனும் தார்ப்பாயத் தூக்கிப் பாக்க மாட்டான். குடும்பத்தோட சுத்திப் பாக்க வந்தவங்கன்னு வுட்டுடுவான்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரே டீசலில் இரண்டு வேலை என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் எனக்கு முன்னிருக்கையைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. திருமணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, நட்சத்திரம் பார்க்கப் போகிறோம் என்று உட்கார்ந்திருக்கும் என் அக்கா, ஒரு சுருக்குக் கம்பிக்குப் போர்த்திய திரையாக அங்கே உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தச் சுருக்குக்கு இரண்டு இடங்களையும் என் வாயாலேயே காட்டிக்கொடுத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் சொன்னேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொன்றால்தான் வேட்டை என்பதில்லை. கண்ணி வைப்பது, இரை வைப்பது, துரத்துவது, அவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். முன்பு உரிமம் வாங்கி ஆட வழியிருந்தது. 1991இல் வந்த திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. பிடிபட்டால் சிறை, வண்டியும் பறிபோகும் என்றேன். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“போன வருசம் உங்கப்பாவோட அரை ஏக்கர் மல்லாட்டையக் கிளறிப் போட்டது எது?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே இரவில் பன்றிக் கூட்டம் அந்தக் கொல்லையை உழுதுவிட்டுப் போனது. விடியற்காலையில் வரப்பில் உட்கார்ந்து, பிஞ்சுக் காயை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக்கொண்டிருந்த அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். பன்றித் தொல்லை அரசுக்கும் தெரியாததன்று. 2025 ஜனவரியில் தமிழக அரசே, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலத்தில் புகும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று முடிவெடுத்தது. வனத்துறையினர்தான் சுடலாம், அதுவும் காட்டுக்கு வெளியேதான். மாமாவின் கூட்டாளிகள் போகவிருந்ததோ காட்டுக்குள், தண்ணீர் குடிக்க வரும் விலங்கைத் தேடி. இந்த வேறுபாட்டை அந்த வெயிலில், அந்தக் கேள்விக்குப் பின் என்னால் எடுத்துச் சொல்ல இயலவில்லை. மல்லாட்டையைத் தின்ற பன்றியும் இந்த மலையேறி வந்து தண்ணீர் குடிக்கும் பன்றியும் ஒன்றல்ல என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. சரியான பதில் எனக்கு எப்போதும் மூன்று மாதம் கழித்துத்தான் வரும்.

ஜமுனாமரத்தூருக்குச் சற்று முன்னால் ஒரு குட்டை இருந்தது. எந்த இடம் என்று எழுதமாட்டேன், காரணம் வெளிப்படை. மாமாவும் நானும் இறங்கினோம். குட்டையின் ஓரம் முழுவதும் சேறு புரட்டியிருந்தது. அகலமான, முனை மழுங்கிய குளம்படிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பக்கக் குளம்புகள் இரண்டு புள்ளிகளாக அழுந்தியிருந்தன. பெரிய தடங்களுக்கு நடுவில், ஐம்பது காசு அளவில் ஏழெட்டுச் சின்னத் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடின. தாயும் குட்டிகளும்.

“இது?” என்றார் மாமா.

“ஆடு, மாமா” என்றேன். “ஊர் ஆடு. மேய வந்திருக்கும்.”

மாமா என் முகத்தைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “மச்சான், நான் பத்து வயசுல இருந்து பன்னித் தடம் பாக்கறேன். முதல்ல உங்கிட்ட கேட்டதே நீ சரியாச் சொல்றியான்னு பாக்கத்தான். ஆட்டுக்கு எங்கடா பின்னால ரெண்டு புள்ளி?” என்றார். எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. நான் ஏன் பொய் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. ஆனால், கைப்பேசியை எடுத்தவர் குறிக்காமல் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். ஒருவேளை அந்த இடத்தைக் குறிக்காமலே அவருக்கு நினைவிருக்குமோ என்னவோ.

வண்டிக்குத் திரும்பினால் அக்கா இருக்கையில் இல்லை.

சாலைக்கு அப்பால், புளியமரத்தடியில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்திருந்தாள். மலையாளி இனத்துப் பெரியவர். சவ்வாது மலையில் சாமையும் தேனும் புளியும் பலாவுமாக வாழும் பழங்குடியினர் இவர்கள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். அவர் முன்னால் ஒரு கிடாரிக் கன்று படுத்திருந்தது. முன்னங்காலில் கணுவுக்கு மேல் சுற்றிலும் ஒரே வட்டமாகத் தோல் அறுந்து, சதை வெளுத்துத் தெரிந்தது. அக்கா குடித்தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அந்தப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலையின் முந்தானை நனைந்து மண்ணாகியிருந்தது. எங்கள் வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

“மேய்ச்சலுக்குப் போனது ராத்திரி வரலம்மா. காலையில போய்ப் பாத்தா கம்பியில நிக்குது. இழுத்து இழுத்து எலும்பு வரைக்கும் அறுத்துக்கிச்சு” என்றார் பெரியவர். கையில் அந்தக் கம்பியை வைத்திருந்தார். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள்.

“ஏங்க, இது கிளட்ச் கம்பிதானே? நம்ம வண்டியில கூட இருக்கே, சுருக்குப் போட்டு?”

புறப்படும்போது தூக்கை வைக்க இடம் தேடியவள் அவள். அப்போதே பார்த்திருக்கிறாள். பார்த்தும், ஏதோ சுமை கட்டுவதற்கு என்று நினைத்திருக்கிறாள்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பெரியவருக்கு எதுவும் புரியவில்லை. அவருக்குப் புரியாதது நல்லதாயிற்று. அக்கா தூக்கைத் திறந்து அவருக்குப் புளிச்சோறு கொடுத்தாள். கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னாள்; மாமாவின் சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாயை அவளே எடுத்துக் கொடுத்தாள். எழுந்து, சேலையை உதறி, வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

நம் ஊர்க்காரர்களுக்குத் திருவூடலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் வீதியில் அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவடைக்க, அண்ணாமலையார் குமரக்கோயிலில் தனியே இரவைக் கழிக்கிறார். சுந்தரமூர்த்தி நாயனார் தூது நடக்கிறார். அன்று சவ்வாது மலையில் எனக்கு வாய்த்தது சுந்தரர் வேடம். ஆனால் எனக்குப் பதிகம் பாடத் தெரியாது. அங்கே தூதன் குற்றமற்றவன். இங்கே தூதனே இரண்டு ஓடைகளைக் காட்டிக்கொடுத்தவன்.

கோமுட்டேரியில் அக்கா படகு ஏறினாள், மாமாவோடு அல்ல, என்னோடு. மாமா கரையில் குந்திக்கொண்டு தண்ணீரில் கல்லெறிந்தார். நடு ஏரியில் நான் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். தடங்களைச் சொன்னேன், ஆடித் திட்டத்தைச் சொன்னேன், என் பெருமையடிப்பையும் சொன்னேன். தார்ப்பாய் விஷயத்தை மட்டும் விழுங்கப் பார்த்தேன். “என்னை எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தாராம்?” என்று அவளே கேட்டாள். சொன்னேன். அதன்பின் அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். படகு தானாகச் சுற்றிக்கொண்டு நின்றது. வெகுநேரம் கழித்து, “அவரு என்கிட்ட வேட்டைக்குப் போறேன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அது வேற. ஊரு சுத்திக் காட்டறேன்னு சொன்னாரு பாரு...” என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை.

பீமன் அருவியில் கத்திரி மாதத்துக்கு உரிய அளவே நீர் இருந்தது. நூல்நூலாய்ப் பாறையில் வழிந்தது. அதைப் பற்றி எழுத அதிகமில்லை.

காவலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டி நெடுநேரமாகியிருந்தது. இன்ஜின் ‘சூடான’ நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாங்கள் தவறவிட்ட நேரம் சரியாக வரும். பார்வையாளர் எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யார்மேலும் குற்றமில்லை, பிந்தியது நாங்கள். அக்கா வாயிலருகே சற்று நின்று, மரங்களுக்கு மேலே தெரிந்த வெள்ளைக் கூண்டைப் பார்த்தாள். 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது கண்டறியப்பட்ட வேளையில், இங்கிருந்தும் அதைக் கவனித்தார்கள் என்று நான் சொல்லத் தொடங்கினேன். “சும்மா இருடா” என்றாள்.

சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டோம். விளக்கே இல்லாத காட்டு வானம். நம் ஊரில் கார்த்திகை தீபத்தன்றுகூட இத்தனை விளக்கு ஒருங்கே எரிந்து நான் பார்த்ததில்லை. அக்கா வண்டியின் பின்புறத்தில் ஏறிப் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கீழே நின்றார், உட்கார்ந்தார், மீண்டும் நின்றார். பிறகு நெற்றி விளக்கை எடுத்து, அதிலிருந்த பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “தப்புதான்” என்றார். யாரிடம் சொன்னார் என்பது தெளிவாக இல்லை. அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் சற்று நகர்ந்து இடம் விட்டாள். நான் அன்றிரவு முன்னிருக்கையில் காலை மடக்கிக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் பரமனந்தல் வழியாகச் செங்கத்துக்கு இறங்கினோம். வழியில் அக்கா ஆறு பலாப்பழம் வாங்கினாள். அவை உருளாமல் இருக்க மாமா கிளட்ச் கம்பியை எடுத்துச் சுருக்கைப் பிரித்து, வண்டிச் சட்டத்தோடு சேர்த்து இறுகக் கட்டினார். செங்கத்தில் தேநீர் குடிக்கும்போது, அமைதியைக் கலைக்க எண்ணி, இந்தப் பகுதி நடுகற்களைப் பற்றிச் சொன்னேன். செங்கம் நடுகற்கள் என்றே தொல்லியல் துறை 1972இல் நூல் வெளியிட்டிருக்கிறது. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனோடு, இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

“நாய்க்குப் பேரு இன்னா?” என்றார் மாமா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

“கோவிவன்.”

மாமா அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தம்மிடமும் ஒரு வேட்டை நாய் இருந்ததென்றும், பன்றிக் கொம்பு வயிற்றைக் கிழித்து அது தம் மடியிலேயே செத்ததென்றும் சொன்னார். அக்கா தன் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஆடி வந்தது, போயிற்று. மாமா மலையேறவில்லை. கூட்டாளிகள் போனார்களா என்று கேட்டேன். “போயிருப்பானுங்க. நான் எடம் சொல்லல” என்றார். நம்புகிறேன். ஆனாலும் அந்த முதல் இரண்டு ஓடைகளின் பெயரும் எனக்குத் தெரியும் என்பது சில இரவுகளில் தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்கிறது.

அடுத்த கோடைக்கு ஏற்காடு என்று அக்கா முடிவு செய்திருக்கிறாள். குட்டி யானையின் முன்னிருக்கையில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்றும், சரக்கு வண்டியின் பின்னால் ஆளேற்றுவது சட்டப்படி குற்றம் என்றும், சட்டம் தெரிந்த தம்பிக்கு இது நினைவிருக்கட்டும் என்றும் சொல்லியனுப்பியிருக்கிறாள்.